கூகுள் மேப் பட்டியலும் ஒரு பக்க வலைத்தளமும்: எடுப்புச் சாப்பாட்டுக்காரியின் ஒரு வருடக் கணக்கு

2024 ஆடிப்பெருக்குக்கு மறுநாள், மதியம் ஒன்றேகால் மணி இருக்கும். வீடு வீடாகக் கொடுத்தனுப்பும் சாப்பாட்டுக் கேரியர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன, இனி நாம் சாப்பிடலாம் என்று தட்டை எடுத்தேன். வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. எட்டுப் பேர் இறங்கினார்கள். கையில் பிரசாதப் பை, ஒரு குழந்தை தோளில் தூங்குகிறது. சேலத்திலிருந்து பெருமாளைச் சேவிக்க வந்தவர்களாம்.

"சாப்பாடு எந்தப் பக்கங்க? மாடியிலயா?"

"இது ஓட்டல் இல்லைங்க, வீடு."

பெரியவர் ஒன்றும் பேசாமல் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். 'உணவகம். இப்போது திறந்துள்ளது' என்று போட்டிருந்தது. அதற்கு மேலே என் வீட்டு வாசல், என் கோலம், ஓரத்தில் என் செருப்பு.

பசியோடு வந்த எட்டுப் பேரைத் திருப்பி அனுப்ப மனது வரவில்லை. குக்கரில் அரிசி வைத்து, இருந்த ரசத்தை நீட்டி, மோர் கரைத்து, அப்பளம் பொரித்துக் கூடத்தில் பாய் விரித்துப் போட்டேன். காசு வாங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் வாங்கிக்கொண்டேன். 400 ரூபாய்.

அவர்கள் மேல் தப்பே இல்லை. கூகுள் பட்டியலில் வகை கேட்ட இடத்தில் 'உணவகம்' என்று போட்டது நான். வீட்டு முகவரியை வெளியே தெரியும்படி விட்டதும் நான். அன்று சாயங்காலம் இரண்டையும் மாற்றினேன். வியாபாரம் நகர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். இங்கே எழுதப்போவது அந்தப் பட்டியலைப் பற்றியும், அதோடு நான் சேர்த்து வைத்திருக்கும் ஒரே ஒரு பக்க வலைத்தளத்தைப் பற்றியும். கூகுள் தேடலிலும் மேப்பிலும் நம் தொழிலைக் காட்டுகிற அந்தப் பட்டியலுக்குக் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர். 2021 வரை மை பிசினஸ் என்று இருந்தது, நம் ஊரில் பல பேர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். வீட்டில் சமைத்து விற்கிற யாராவது படித்துப் பிரயோஜனப்பட்டால் சரி.

நான் இருப்பது ஸ்ரீரங்கம், அடையவளஞ்சான் வீதிப் பக்கம். 2021-ல் ஒன்பது கேரியரில் ஆரம்பித்தேன். சாம்பார் அல்லது வத்தக்குழம்பு, ரசம், ஒரு கறி, ஒரு கூட்டு, மோர். ஒரே அடுப்படி என்பதால் வெங்காயம், பூண்டு கிடையாது. ஒரு சாப்பாடு 110 ரூபாய், மாதமாக எடுத்தால் 26 நாளுக்கு 2,600. பெரிய வியாபாரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நான், எனக்குக் கூடமாட ஒரு அம்மா, கேரியர் கொண்டுபோக ஒரு தம்பி, அவனுடைய வண்டி. அவ்வளவுதான்.

முதல் மூன்று வருடம் வலைத்தளமும் இல்லை, பட்டியலும் இல்லை. ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். என் தொழிலில் ஆள் குறைவதற்கு ஒரு காரணம் உண்டு, அதை எந்த மார்க்கெட்டிங் வீடியோவிலும் சொல்லமாட்டார்கள். சாப்பிடுகிறவர்கள் பாதிக்கு மேல் எழுபது தாண்டியவர்கள். பிள்ளை வந்து பெங்களூருக்குக் கூட்டிப்போய்விடுவான். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரமாட்டார். 2024 ஆரம்பத்தில் ஒரே மாதத்தில் ஐந்து கேரியர் நின்றது. அதில் இரண்டு வீட்டுக்கு நான் துக்கம் விசாரிக்கப் போனேன். சொல்லி அனுப்ப இருந்தவர்களே போய்விட்டால் வாய்வழி விளம்பரம் எங்கிருந்து வரும்?

சரி, வலைத்தளம் போடலாம் என்று முடிவெடுத்தேன். கூகுளே இந்தப் பட்டியலோடு இலவசமாகத் தந்துகொண்டிருந்த சின்னப் பக்கங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டன. நான் போனது அதற்கு அப்புறம் என்பதால் சொந்த முகவரி வாங்கித்தான் ஆகவேண்டும். டவுனில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தது.

திறந்தவுடன் படம் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். முதல் படத்தில் நான். ரொட்டி நான். இரண்டாவதில் பனீர், மேலே கொத்தமல்லி தூவியிருக்கிறது. மூன்றாவதில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வெளிநாட்டுக்காரர் சிரிக்கிறார். கீழே 'ஆரோக்கியமான, சுவையான, பாரம்பரிய வீட்டு உணவு, உங்கள் வீட்டு வாசலில்' என்று எழுதியிருந்தது. யார் வீட்டு வாசலில்? திருச்சி என்று மட்டும் இருந்தது. இன்றைக்கு என்ன சமையல், என்ன விலை, எத்தனை மணிக்குள் சொல்லவேண்டும், ஒன்றும் இல்லை. 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று ஒரு படிவம். அதை நிரப்பினால் மின்னஞ்சல் வரும். என் மின்னஞ்சலை நான் மாதம் ஒரு முறை மின்கட்டண ரசீதுக்காகத் திறப்பேன். நான்கு மாதத்தில் அந்தப் படிவம் வழியாக மூன்று பேர் எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் 'உங்கள் தளத்தைக் கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம்' என்றவர்கள். மூன்றாவது ஆள் உண்மையிலேயே சாப்பாடு கேட்டிருக்கிறார், ஆனால் நான் பார்த்தது பதினேழு நாள் கழித்து.

அந்தக் கம்பெனியும் மாதம் 4,000 கொடுத்தால் முதல் பக்கம் என்றது. 4,000 என்பது எனக்கு ஒன்றரை கேரியரின் மாத வரவு, அதுவும் அரிசி பருப்புச் செலவைக் கழிக்காமல். வேண்டாம் என்றேன்.

என் அக்கா மகள் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது அந்தத் தளத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சித்தி, இதுல உங்களையே காணோமே" என்றாள். அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். "புதுசா போன் பண்றவங்க முதல்ல என்ன கேப்பாங்க? வரிசையா சொல்லுங்க."

நான் சொன்னேன். நாளைக்கு என்ன சமையல்? எவ்வளவு? எங்கள் தெருவுக்கு வருவீர்களா? எத்தனை மணிக்கு வரும்? பூண்டு போடுவீர்களா? ஒரு நாள் வேண்டாம் என்றால் காசு பிடிப்பீர்களா? பாத்திரம் யாருடையது? அவள் அப்படியே எழுதி, அதே வரிசையில் பக்கமாகப் போட்டுவிட்டாள். மேலே ஒரே ஒரு படம், எங்கள் சமையலறைத் திண்ணையில் மூடி திறந்த நான்கடுக்கு கேரியர், அன்று செய்த வாழைப்பூக் கூட்டோடு. அந்தப் படத்தையும் அவள் சுருக்கினாள். கைப்பேசியில் எடுத்தது நாலு எம்பிக்கு மேல் இருந்தது. மாமிகள் வைத்திருக்கும் பழைய போனில் அது திறப்பதற்குள் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்களாம். இப்போது பக்கம் சட்டென்று திறக்கிறது.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம், அதைக் கீழே பெரிய எழுத்தில் போட்டோம். நான் பதிந்தபோது 12 லட்சம் ரூபாய் வரை விற்பவர்களுக்கு வருடம் 100 ரூபாய்தான் கட்டணம். வீட்டில் சமைக்கிறவர்களுக்கும் அது வேண்டும், பல பேருக்குத் தெரிவதில்லை. என்னிடம் அந்த எண்ணைக் கேட்டவர் இதுவரை ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற ஆடிட்டர். அவர் ஒருவருக்காகவே போட்டது வீண்போகவில்லை, தம்பி குடும்பத்தையும் சேர்த்துவிட்டார்.

படிவத்தைத் தூக்கிவிட்டோம். அந்த இடத்தில் ஒரு பொத்தான். தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும், 'வணக்கம், நாளை மதியம் சாப்பாடு வேண்டும். தெரு:' என்று முன்பே எழுதியிருக்கும். தெருப் பெயரை மட்டும் அடித்து அனுப்பினால் போதும். சும்மா 'ஹாய்' என்று மட்டும் வருகிற செய்திகள் இதனால் பாதியாகக் குறைந்தன.

இனி பட்டியல். இது இலவசம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை மேப்பிலிருந்து எடுக்கப்படும்' என்று ஆட்கள் கூப்பிடுகிறார்கள். எனக்கே மூன்று தடவை வந்தது. அது மோசடி. பட்டியலில் இருப்பதற்குக் காசு இல்லை, உள்ளூர்த் தேடலில் மேலே வருவதற்கும் காசு வாங்குவதில்லை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் என்பது தனிக் கணக்கு.

பட்டியல் என்னுடையதுதானா என்று சரிபார்க்கக் கூகுள் வீடியோ கேட்டது. வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாகக் குறைந்தது 30 விநாடி எடுக்கவேண்டும். நான் முதலில் அடுப்படியை மட்டும் அழகாக எடுத்து அனுப்பினேன், போதவில்லை. எந்தத் தெரு, அங்கே உண்மையாகவே தொழில் நடக்கிறதா, நடத்துகிறவர் நீங்கள்தானா, இந்த மூன்றும் தெரியவேண்டும். இரண்டாம் தடவை தெருப் பெயர்ப் பலகையிலிருந்து நடந்து வந்து, கதவைச் சாவி போட்டுத் திறந்து, வரிசையாக அடுக்கிய கேரியர்களையும் பதிவுச் சான்றிதழையும் காட்டினேன். மூச்சு வாங்கியது கூடப் பதிவாகியிருக்கும். ஐந்து நாளைக்குள் சரி என்று வந்துவிட்டது.

ஆடிப்பெருக்கு விருந்தாளிகள் வந்து போனபிறகு வீட்டு முகவரியை மறைத்தேன். கடை வைக்காமல் வாடிக்கையாளர் இடத்துக்கே போகிறவர்களுக்கு அப்படி ஒரு வசதி இருக்கிறது. முகவரிக்குப் பதிலாக எந்தப் பகுதிகளுக்குப் போவோம் என்று சொல்லலாம், 20 வரை. நான் முதலில் பேராசையில் தில்லை நகர், உறையூர், கே.கே. நகர் என்று பதினான்கு போட்டிருந்தேன். அகலமாகப் போட்டால் அகலமாகத் தெரிவோம் என்ற நினைப்பு. அது அப்படி வேலை செய்வதில்லை. தேடுகிற சொல்லுக்கு நாம் பொருத்தமா, தேடுகிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம், நமக்கு எவ்வளவு பெயர் இருக்கிறது, இந்த மூன்றைத்தான் பார்க்கிறார்கள். தில்லை நகர் பத்தாவது கிராஸில் உட்கார்ந்து தேடுகிறவருக்கு ஆற்றைத் தாண்டி இருக்கிற நான் ஏன் தெரியவேண்டும்?

இதை எனக்குப் பாலம் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தது, நான்தான் மறந்துவிட்டேன். 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக மூடினார்கள், 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அப்போது டவுன் பக்கம் எனக்கு ஆறு கேரியர் இருந்தது. சுற்றிக்கொண்டு போய்வர முடியாமல் ஆறையும் விட்டேன். ஒரு வாரம் வயிற்றெரிச்சல். அப்புறம் பார்த்தால், அந்த ஆறுக்காக மட்டும் தம்பி தினமும் ஒன்றரை மணி நேரம் செலவழித்திருக்கிறான். அந்த நேரத்தில் சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் பன்னிரண்டு கேரியர் கொடுத்துவிடலாம், சாதமும் சூடு ஆறாது. பாலம் திறந்தபிறகும் நான் அக்கரைக்குப் போகவில்லை.

ஆகவே பட்டியலில் இரண்டே பின்கோடு வைத்தேன்: 620006 ஸ்ரீரங்கம், 620005 திருவானைக்கோவில். வலைத்தளத்தில் இன்னும் ஒரு படி கீழே இறங்கித் தெருத் தெருவாக எழுதினோம். நான்கு உத்திர வீதி, நான்கு சித்திரை வீதி, அடையவளஞ்சான், மேலூர் ரோடு, மூலத்தோப்பு, அம்மா மண்டபம் ரோடு. அதற்குக் கீழேயே 'பாலத்துக்கு அந்தப் பக்கம் வருவதில்லை. மாம்பழச் சாலையோடு சரி. சித்திரைத் தேரன்று சித்திரை வீதிக்காரர்கள் 10 மணிக்குள் வாங்கிக்கொள்ளவும், வண்டி உள்ளே வராது' என்று. அக்கா மகளுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "வரமாட்டோம்னு யாராவது விளம்பரம் பண்ணுவாங்களா சித்தி?" என்றாள். ஆனால் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் மேலூர் ரோட்டு அம்மா ஒருத்தர் கூப்பிட்டார். "தேருக்கு வண்டி வராதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அப்பதான் நீங்க நிஜமாவே இங்கதான் இருக்கீங்கன்னு தெரிஞ்சுது" என்றார். இன்றுவரை தினமும் இரண்டு கேரியர் அவருக்கு.

வகை விஷயத்துக்கு வருகிறேன். 'உணவக'த்தை எடுத்துவிட்டு 'கேட்டரர்' என்று மாற்றியதும் கல்யாணத்துக்கு முந்நூறு பேருக்குச் சமைப்பீர்களா என்று கேட்டு ஆரம்பித்தார்கள். அதையும் மாற்றி, வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுதரும் சேவை என்ற வகையை முதன்மையாக வைத்தேன், கேட்டரிங்கைத் துணை வகையில் தள்ளினேன். முதன்மை வகை ஒன்றுதான் வைக்க முடியும், துணையாக ஒன்பது வரை சேர்க்கலாம். கைக்கு வந்ததையெல்லாம் சேர்க்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு போன் வரும்.

பட்டியலுக்குள் எனக்கு மிகவும் பிடித்தது, மக்கள் என்ன சொல் போட்டு நம்மைக் கண்டுபிடித்தார்கள் என்று காட்டுகிற பகுதி. மாதம் ஒரு முறை கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படிப்பேன். 'ஆரோக்கிய உணவு' என்று ஒருத்தர்கூடத் தேடுவதில்லை. 'வீட்டுச் சாப்பாடு ஸ்ரீரங்கம்' என்று இங்கிலீஷ் எழுத்தில் தேடுகிறார்கள். 'மெஸ்' என்று தேடுகிறார்கள். 'வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு'. 'வயதானவர்களுக்குச் சாப்பாடு'. 'பத்தியச் சாப்பாடு'. என் தொழிலை நான் எடுப்புச் சாப்பாடு என்கிறேன், அந்தச் சொல்லைத் தேடியவர்கள் ரொம்பக் குறைவு, அவர்களும் என் வயசுக்காரர்களாகத்தான் இருக்கவேண்டும்.

ஒரு மாதம் பட்டியலில் 'துவாதசி' என்ற சொல் இருந்தது. எங்கள் ஊரில் ஏகாதசி விரதம் இருப்பவர்கள் நிறைய. அன்றைக்கு என் மதியக் கேரியர் பாதியாகக் குறையும். மறுநாள் துவாதசி, காலையில் சீக்கிரமே சாப்பிட்டு விரதத்தை முடிக்கவேண்டும், அதுதான் பாரணை, அதற்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய், புளி சேர்க்காத குழம்பு என்று தனிச் சமையல். முதல் நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்த எழுபத்தைந்து வயது மாமி மறுநாள் விடியற்காலை அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டு உட்காரவேண்டும் என்றால் யோசித்துப் பாருங்கள். கீரையை ஆய்வதற்கே ஒரு மணி நேரம் ஆகும், காம்பு ஒன்று தங்கினால் கசப்பு.

வலைத்தளத்தில் 'துவாதசிப் பாரணைச் சாப்பாடு, காலை 6.30-க்கு' என்று நான்கு வரி சேர்த்தோம். தமிழில் ஒரு முறை, இங்கிலீஷ் எழுத்தில் மூன்று விதமாக. பட்டியலிலும் அதையே ஒரு அறிவிப்பாகப் போட்டோம். முதல் துவாதசிக்கு நான்கு பேர். மூன்றாவது துவாதசிக்குப் பதினொன்று. இந்த வார்த்தைக்கு இந்தத் தீவில் எனக்குப் போட்டியே இல்லை. 18,000 வாங்கிய கம்பெனிக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கே ஒரு வருடம் தோன்றவில்லையே.

எதிர்பாராத இன்னொன்று. உள்ளூர்க்காரர்களைப் பிடிக்கத்தான் தளம் போட்டேன். ஆனால் அதை உட்கார்ந்து முழுதாகப் படிக்கிறவர்கள் உள்ளூரில் இல்லை. சாப்பிடுகிற அம்மா அப்பா தெற்கு உத்திர வீதியில் இருக்கிறார்கள், தேடுகிற பெண் டல்லாஸில் இருக்கிறாள். செய்தி நடு ராத்திரி இரண்டு மணிக்கு வரும். கேள்விகளும் வேறு மாதிரி இருக்கும். அப்பா சாப்பிட்டாரா என்று எப்படித் தெரியும்? உப்பு குறைக்க முடியுமா? போன் எடுக்கவில்லை என்றால்?

ஒரு தடவை என் டெலிவரி தம்பி ஒரு வீட்டில் பத்து நிமிடம் மணி அடித்தும் திறக்கவில்லை என்று எனக்குப் போன் செய்தான். நான் பெங்களூரில் இருக்கும் பையனுக்குச் சொன்னேன், அவர் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். பெரியவர் காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் தளத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'பெரியவர்கள் கதவைத் திறக்காவிட்டால் கேரியரை வாசலில் வைத்துவிட்டு வரமாட்டோம். உங்களைக் கூப்பிடுவோம்.' வெளியூரிலிருந்து எழுதுகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இந்த வரியைக் குறிப்பிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். சாம்பாரைப் பற்றி யாரும் கேட்பதில்லை!

விமர்சனங்கள். எனக்கு இதுவரை 43 வந்திருக்கிறது. விமர்சனத்துக்குப் பதிலாகத் தள்ளுபடியோ பாயசமோ கொடுக்கக்கூடாது, விதிமுறையே அப்படித்தான். கேட்கலாம், அவ்வளவே. எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டு 'சூப்பர்' என்று எழுதுவார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. எனக்கு ஆள் சேர்த்த விமர்சனம் நான்கு நட்சத்திரம் வாங்கியது. வடக்குச் சித்திரை வீதி மாமி ஒருத்தர் தன் பேத்தியை விட்டுத் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறார்: 'உப்பு ஒரு கல் கம்மி. என் பிபிக்கு அதுதான் சரி. ரசம் தினமும் ஒரே மாதிரி இல்லை. பதினொன்றே முக்காலுக்கு வந்துவிடுகிறது.' படித்தபோது சுருக்கென்றுதான் இருந்தது. அடுத்த இரண்டு மாதம் வந்த புது ஆட்களில் ஐந்து பேர், "உப்பு கம்மியாமே, எங்களுக்கும் அதான் வேணும்" என்றார்கள். மாமிக்கு நான் எழுதிய பதில்: 'நன்றி மாமி. ரசம் செவ்வாய் மைசூர் ரசம், வியாழன் மிளகு ரசம், அதனால் அப்படி.' அந்தப் பதிலைப் படித்துவிட்டு வியாழன் மட்டும் வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார்.

ஒரு நட்சத்திரமும் ஒன்று உண்டு. 2025 ஜனவரி 10, வைகுண்ட ஏகாதசி. ஊரே ஜனமயம், சொர்க்கவாசல் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சாப்பாடு தேடுகிறார்கள், நான் அன்றைக்கு விடுமுறை. பட்டியலில் விசேஷ நாளுக்கு நேரத்தை மாற்றி வைக்க வழி இருக்கிறது, நான் மறந்துவிட்டேன். போன் அடித்து அடித்துப் பார்த்த யாரோ ஒருவர், 'எடுக்கவே இல்லை' என்று ஒன்று போட்டுவிட்டார். நியாயம்தான். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இப்போது பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே தேதிகளைப் போட்டு வைக்கிறேன்.

புது ஆள் கூப்பிட்டால் "எப்படித் தெரிஞ்சுதுங்க?" என்று கேட்டுப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன். பட்டியல் என்ன எண்ணிக்கை வேண்டுமானாலும் காட்டட்டும், எனக்கு இந்த நோட்டுதான் கணக்கு. ஒரு வருடத்தில் வந்து நிலைத்தவர்கள் 46 பேர். தெரிந்தவர் சொல்லி 19, கூகுள் வழியாக 14, க்யூஆர் கோடு என்கிற சதுரப் படத்தைப் போனில் பிடித்துப் பார்த்து 11, பேப்பருக்குள் வைத்த நோட்டீஸ் மூலம் 2. நோட்டீஸ் 2,000 அடித்தேன். பாக்கி எந்தெந்தக் கடையில் வடை மடிக்கப் போனதோ.

அந்தச் சதுரப் படத்தை முதலில் கேரியர் மூடியில் ஒட்டினோம். நான்கு நாள் வெந்நீரில் கழுவியதும் ஓரம் சுருண்டு வந்துவிட்டது, ஒரு வீட்டில் ரசத்துக்குள்ளேயே விழுந்ததாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் லேமினேட் செய்த சீட்டாக ஒயர்கூடைக் கைப்பிடியில் கட்டிவிட்டோம். கூடை வாசல் கொக்கியில் அரைமணி நேரம் தொங்கும், எதிர்வீட்டுக்காரர் பார்ப்பார். இன்னொன்று மாவுக் கடையில், மூன்றாவது மருந்துக்கடையில். அதிகம் பேர் வந்தது மருந்துக்கடைச் சீட்டு வழியாக. கடைத் தம்பி, "பத்தியம்னு டாக்டர் சொன்னா யார் சமைக்கிறதுன்னு இங்கயே நின்னு புலம்புவாங்க அக்கா, நான் அதைக் காட்டிடுவேன்" என்றான். அவனுக்கு மாதம் ஒரு டப்பா பருப்புப்பொடி போகிறது.

வந்தவர்களைத் தக்கவைத்துக்கொள்வது வாட்ஸ்அப். மறுநாள் சமையலை ராத்திரி ஏழு மணிக்கு ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்புவேன். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பும் ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், எனக்கு அது தாராளம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச்சேரும். இது தெரியாமல் ஆறு மாதம் பாதிப் பேருக்குப் போகாமலேயே அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது முதல் நாள் கேரியரோடு ஒரு துண்டுச் சீட்டு: 'இந்த எண்ணைச் சேமித்தால்தான் மெனு வரும்.'

செலவு என்று பார்த்தால் டாட் இன் முகவரிக்கு வருடம் 800 ரூபாய்க்குள், லேமினேஷன் சீட்டுகளுக்கு 240. அக்கா மகளுக்கு ஒரு சுடிதார். பட்டியலுக்கு ஒன்றும் இல்லை. பழைய 18,000-ஐ நான் இதில் சேர்க்கவில்லை, அது காந்தி கணக்கு.

பட்டியலுக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் குறைத்தது ஏனென்றால், அதைப் போட்டுவிட்டு மறக்க முடியாது. நேரம், விடுமுறை, படம் என்று வாரம் ஒரு தடவையாவது பார்க்கவேண்டும், யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம் என்பதால் எண் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும். வலைத்தளத்துக்கு நான்கு. தினமும் சமையலை மாற்றி எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் அந்த நான்கு. நான் காய்ச்சலில் படுத்து ஒன்பது நாள் மாற்றாமல் விட்டபோது, 'இன்றும் சேப்பங்கிழங்கா?' என்று ஒரே நாளில் மூன்று பேர் கேட்டார்கள். இருபது, முப்பது கேரியர்காரர்களுக்கு இரண்டும் போதும். கல்யாண ஆர்டர் எடுப்பவர்களுக்கும், ஊர் முழுக்கப் பொடி, ஊறுகாய் அனுப்புகிறவர்களுக்கும் என் அனுபவம் பொருந்தாது, அவர்கள் வேறு யாரையாவது கேட்கவேண்டும்.

நாளை மறுநாள் ஏகாதசி. தளத்தில் 'மதியம் சாப்பாடு குறைவு, முன்கூட்டியே சொல்லவும்' என்று மாற்றியாகிவிட்டது. அதற்கு மறுநாளுக்கு அகத்திக்கீரை பதினான்கு கட்டு சொல்லியிருக்கிறேன். ஆய்வதற்குத்தான் இன்னொரு ஆள் தேடவேண்டும்.